பயர்பொக்ஸ் இருக்க விவால்டி எதற்கு?

ஹட்டனில் ஒரு சின்ன கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி, டைப்செட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது என்று எல்லாமே 4 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய கம்பியூட்டரில்தான் நடக்கிறது. புதிதாக எது வந்தாலும் இறக்கிப் பார்க்கும் ஆள் நான் இல்லை. ஓடுவது ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு வருடத்துக்கு மேலாக பயர்பொக்ஸ், விவால்டி என்று இரண்டு பிரவுசர்களை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு அரச இணையத்தளம். அதற்கு வருகிறேன். முதலில் இந்தக் கம்பியூட்டரை விட்டு எப்போதும் போகாத மென்பொருள்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் இடம் தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டருக்கும், பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோட்டுக்கு மாற்றும் அதன் கூட்டாளியான என்எச்எம் கன்வேர்ட்டருக்கும். இலங்கையில் தமிழ் டைப்செட்டிங் பழகியவர்களுக்கு பாமினியைத் தெரியாமல் இருக்காது. தவணைப் பரீட்சை வினாத்தாள், மரண அறிவித்தல், காமன் கூத்து நோட்டீஸ் எல்லாம் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினியில் அடித்தே நாங்கள் வளர்ந்தோம். பாமினி, எல்லாக் கம்பியூட்டரும் போனும் புரிந்துகொள்ளும் பொதுக் குறிமுறையான யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு, அவ்வளவுதான். அது இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல், அதற்கு யூனிகோட் தெரியாது. ஆனால் இன்றும் பழைய வினாத்தாள்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து, "இத வாட்ஸ்அப்ல அனுப்புற மாதிரி மாத்திக் குடுங்க தம்பி" என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கன்வேர்ட்டர் அந்த வேலையை முடித்துவிடும். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்போம், யூனிகோட்டில் அது எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். நடுவில் ஒரு வெற்றிடம் தவறி விழுந்திருந்தால், மாற்றிய பிறகு கொம்பு தனியாக நிற்கும். அதனால் ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் நான் எதையும் கொடுப்பதில்லை. ரைட்டரின் உதவி இதைவிடப் பெரியது. விரலுக்குப் பழகிய பாமினி விசைகளிலேயே நேராக யூனிகோட் அடிக்கலாம். புது முறை ஒன்றைப் படிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, படங்களைப் பார்க்கவும் அளவை மாற்றவும் உதவும் இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கிலியான் என்பவர் 1996இல் வெளியிட்டது. படம் இத்தனை கேபிக்கு மேல் போகக்கூடாது என்று விண்ணப்பத் தளங்கள் அடம்பிடிக்கும்போது, ரயட் என்ற இணைப்பையும் போட்டுக்கொண்டால், ஜேபெக்காகச் சேமிக்கும் இடத்திலேயே அளவைச் சொல்லிவிடலாம். இதற்குப் போய் போட்டோஷொப்பைத் திறந்து காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

சரி, பிரவுசர். பயர்பொக்ஸ் என்னிடம் நிலைத்தது 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்புக்குப் பிறகு. குவாண்டம் என்று பெயர் வைத்து உள்ளே நிறைய மாற்றியிருந்தார்கள், பழைய கம்பியூட்டரிலும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அதன் அருமை முழுதாகப் புரிந்தது 2022இல். அந்த மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. யூபிஎஸ் பெட்டரியும் களைத்துப் போன காலம். பயர்பொக்ஸ் ஏறத்தாழ 15 செக்கனுக்கு ஒருமுறை திறந்திருக்கும் பக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் எல்லா டெப்பும் திரும்ப வரும், பல தளங்களில் பாதி நிரப்பிய பெட்டிகள்கூட அப்படியே இருக்கும்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயர்பொக்ஸின் எழுத்துரு அமைப்புக்குள் போனால் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவைத் தெரிவு செய்யலாம். பழைய விண்டோஸோடு வந்த லதா எழுத்துருவின் பொடி எழுத்து கண்ணை உறுத்தினால் நோட்டோ சான்ஸ் தமிழை வைத்து, ஆங்கிலத்தைத் தொடாமல், அளவையும் கூட்டிக்கொள்ளலாம். விவால்டியின் அமைப்புகளில் எழுத்துருவை மாற்றலாம், ஆனால் தமிழுக்கென்று பிரித்துக் கேட்க இடமில்லை. இவ்வளவு சின்ன வசதியை மற்றவர்கள் ஏன் தரமாட்டேன் என்கிறார்களோ.

இப்போது அந்த அரச தளம். பெயர் வேண்டாம். எல்லாப் பக்கத்தையும் நிரப்பி முடித்த பிறகு, கடைசியில் உள்ள சமர்ப்பிக்கும் பொத்தான் பயர்பொக்ஸில் அசையாது. "அண்ணே, இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்று ஒரு பிள்ளை முன்னால் நிற்கும்போது பிரவுசர் கொள்கை பேச முடியாது. குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் வழி வந்த ஏதாவது ஒன்று வேண்டும். குரோமையே போட்டிருக்கலாம். ஆனால் பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் நீட்சிகளுக்கான விதியை கூகுள்காரர்கள் மாற்றி, விளம்பரங்களைத் தடுக்க நான் நம்பியிருந்த யூபுளொக் ஒரிஜினை அதில் ஓடவிடாமல் செய்துவிட்டார்கள். அதே குரோமியம் வழி வந்த விவால்டியில் விளம்பரத் தடுப்பு 2020இலிருந்து உள்ளேயே இருக்கிறது. யூபுளொக் அளவுக்குக் கெட்டி இல்லை, ஆனாலும் போதும். ஒபெரா பிரவுசரை உருவாக்கியவர்களில் ஒருவரான யோன் வொன் டெட்ஸ்னர் தொடங்கிய பிரவுசர் இது. முதல் பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது.

ஒரு பொத்தானுக்காக வந்தவனைப் பிடித்து வைத்தது கீழ்ப்பட்டையில் உள்ள ஒரு சின்னப் படக் குறி. அதைத் தட்டினால் படங்களை வரவிடாமல் நிறுத்தலாம், அல்லது ஏற்கனவே சேமிப்பில் உள்ளவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் சிக்னல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நாட்கள் உண்டு. படத்தை நிறுத்திவிட்டால் படிவம் மட்டும் ஊர்ந்து ஊர்ந்தாவது வந்து சேரும். அப்புறம் இரண்டு டெப்பை அருகருகே விரிக்கும் வசதி. இடப்பக்கம் வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் பதவி வெற்றிட அறிவித்தல், வலப்பக்கம் விண்ணப்பம். தகைமை, வயதெல்லை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அடிக்கலாம். முன்பு இதற்காகவே வர்த்தமானியைப் பிரிண்ட் எடுப்பேன்.

குறை என்று பார்த்தால், திறக்க நேரமெடுக்கிறது. அதன் முகப்பே இணையப் பக்கம் போலக் கட்டப்பட்டது, இந்த 4 ஜிபி கம்பியூட்டருக்கு அது பாரம்தான். பின்னால் கிடக்கும் டெப்களை உறங்க வைத்தால் கொஞ்சம் இலேசாகும். அமைப்புப் பக்கமோ முடிவில்லாதது. எதையாவது தேடிப் போய் வேறு எதையோ மாற்றிவிட்டுத் திரும்பி வரும் ஆபத்து உண்டு.

அதனால் காலையில் கடை திறந்ததும் திறப்பது பயர்பொக்ஸ். வாசிப்பு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப் எல்லாம் அதில். வாடிக்கையாளரின் விண்ணப்பம் என்றால் விவால்டியின் தனிப்பட்ட ஜன்னல், ஏனென்றால் தங்கள் கணக்கை மூடாமல் எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: முதல்முறை திறக்கும்போது எவ்வளவு வசதி வேண்டும் என்று விவால்டி கேட்கும். பழைய கம்பியூட்டர் என்றால் இருப்பதில் மிகக் குறைந்ததைத் தெரிவு செய்யுங்கள். மின்னஞ்சல், நாட்காட்டி எல்லாம் பிறகு வேண்டுமென்றால் அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.