வீட்டுப் பட்டறைக்கு முதல் வாள்: டேபிள் சாவா, சர்குலர் சாவா?

வீட்டில் மரவேலைக்கு ஒரு பட்டறை போட நினைப்பவர்கள் எடுத்தவுடனே விசாரிப்பது டேபிள் சாவைத்தான்; மேஜை நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடில் மரத்தைத் தள்ளி அறுக்கும் மெஷின் அது. அதற்கு முன் கார் ஷெட்டை ஒரு தடவை அளந்து பாருங்கள். பிளைவுட் 8 அடிக்கு 4 அடி. அதை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி காலியாகக் கிடக்க வேண்டும். நாகர்கோவிலில் மூன்று நாலு சென்டில் கட்டிய வீட்டில் அதற்கு எங்கே போவது? மொட்டை மாடியில் தகர ஷெட் போடலாம்தான். ஆனால் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. சாரல் அடித்தால் பிளைவுட் ஓரம் உப்பிவிடும்.

கையில் பிடித்து மரத்தின்மேல் ஓட்டும் சர்குலர் சாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. தரையில் தெர்மோகோல் விரித்து, அதன்மேல் ஷீட்டைப் போட்டு, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை இரண்டு கிளாம்பால் இறுக்கிவிட்டால் போதும். பிளேடு ஷீட்டின் கனத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் கீழே இறங்கட்டும். நல்ல முகம் தரையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். இதன் பல் கீழிருந்து மேலே ஏறி அறுக்கும். சிலாம்பு தெறிப்பது மேல்பக்கம். டேபிள் சாவில் நேர் எதிர்: நல்ல முகம் மேலே.

டேபிள் சா ஜெயிக்கும் இடமும் உண்டு. ஜன்னல் சட்டத்துக்கு ஒரே அகலத்தில் இருபது ரீப்பர் கிழிக்க வேண்டுமென்றால், ஃபென்ஸை, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பை, ஒருமுறை வைத்துத் தள்ளிக்கொண்டே போகலாம். சர்குலர் சாவில் ஒவ்வொன்றுக்கும் சட்டம் நகர்த்தி, அளந்து, இறுக்கி... பொறுமை போய்விடும். ஆனால் அயனியோ பலாவோ வாங்கும் மில்லிலேயே கேட்ட அளவுக்குக் கிழித்துத் தருவார்கள், கூலி கொஞ்சம்தான். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் மில்லுக்கா பஞ்சம்? அந்த வேலைக்காக வீட்டில் ஒரு மெஷினைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் காசில் நல்ல இழைப்புளியும் நாலு கிளாம்பும் வாங்கலாம். என் கட்சி சர்குலர் சா.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டேபிள் சாவின் வார்ப்பிரும்பு மேஜை உப்புக்காற்றில் சீக்கிரமே துரு பிடிக்கும், எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். அலுமினிய மேஜை பரவாயில்லை. கரண்டுக்கு இரண்டுக்குமே 16 ஆம்பியர் பாயின்ட்தான் போடுங்கள்; ஃபேன் பிளக்கில் சொருகாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழி சொல்வார்கள்: டைல்ஸ் அறுக்கும் 4 இஞ்ச் கட்டிங் மெஷினில் மர பிளேடு மாட்டுவது. விலை குறைவு, வாஸ்தவம்தான். ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும். அறுத்து முடித்ததும் பிளேடை மூடும் கீழ்க்கவசமும் கிடையாது. வேண்டவே வேண்டாம்.

இல்லை, டேபிள் சாதான் வேண்டும் என்று நிற்பவர்கள், பிளேடுக்குப் பின்னால் பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும் சின்னத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ரைவிங் நைஃப் என்பது அதுதான். அறுத்த வாய் மூடிக்கொண்டு மரம் நம் வயிற்றுக்கே திரும்பி அடிக்காமல் தடுப்பது அது. செகண்ட் ஹேண்டில் வரும் மெஷின்களில் பெரும்பாலும் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். கூடவே தராவிட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.