பாம்போடு 'லைசன்ஸ்' சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

நான் கோயம்புத்தூர். போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு ஒரு பால் பைத்தான் (Ball Python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்புக் குட்டி வாங்கினேன். விலை 26,000 ரூபாய். இப்போது பணமும் இல்லை, குட்டியும் என்னிடம் இல்லை. வனச்சரக அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்துவிட்டேன். எனக்கு விற்ற அதே ஆள் வேறு பெயரில் பக்கம் தொடங்கி இன்னும் விற்றுக்கொண்டிருப்பதாகப் போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அவனும் அட்வான்ஸ் போட இருந்தானாம். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இன்ஸ்டாகிராமில் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசினேன். நான் கேட்ட முதல் கேள்வியே லைசன்ஸ் பற்றித்தான். "ப்ரோ, நம்ம ஊரு மலைப்பாம்புக்குத்தான் ஃபாரஸ்ட் பிரச்சனை. இது ஆப்பிரிக்கா பாம்பு, எக்ஸோடிக். சட்டத்துலயே வராது. இருந்தாலும் உங்க சேஃப்டிக்கு பரிவேஷ் சர்டிஃபிகேட் சேர்த்தே தர்றேன்" என்றான். பரிவேஷ் என்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம். சட்டத்திலேயே வராத பாம்புக்குச் சர்டிஃபிகேட் எதற்கு என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாதிப் பணம் முதலில், மீதி பஸ்ஸில் ஏற்றியதும் என்று பேசி அனுப்பிவிட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு ஆம்னி பஸ் வந்தது. கிளீனர் ஒரு தெர்மோகோல் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மேலே 'மருந்து, அவசரம்' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. உள்ளே முடிச்சுப் போட்ட துணிப்பை, அதற்குள் ஒன்றரை அடிக் குட்டி, தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டு கிடந்தது. பயந்தால் இந்த இனம் அப்படித்தான் சுருளும், பெயரே அதனால் வந்ததுதான். கையில் எடுத்தேன், சில்லென்று இருந்தது. வெப்பம் இல்லாமல் வாழ முடியாத உயிரை ராத்திரி முழுக்க லக்கேஜ் டிக்கியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கொதிக்கிறது.

மூன்றாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. உற்றுப் பார்த்தால் சில நகர்ந்தன. உண்ணி. கண்ணைச் சுற்றிச் செதில் இடுக்கிலும் இருந்தது. அடுத்த வாரம் மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் வந்தது, வாயோரம் நுரை. எலிக்குஞ்சை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாம்பு பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடிக்கவே நான்கு நாள் ஆனது.

அந்த மருத்துவர்தான் விஷயத்தை உடைத்தார். ஊசி போடுவதற்கு முன் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். பெருமையாகவே நீட்டினேன். ஒரு நிமிடம் படித்துவிட்டு, "ஏந்தம்பி, இதுல 2021-னு போட்டிருக்குது. இந்தக் குட்டிக்கு ஒரு வயசே ஆகலியே" என்றார். பெயரைப் பார்த்தேன், வேறு மாநிலத்துக்காரர் யாரோ ஒருவர். விற்றவன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. யாரோ எப்போதோ வாங்கிய ஒரே சான்றிதழை நகல் எடுத்து ஒவ்வொரு பாம்போடும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

அந்த 2021-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்பு விட்டது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாக முன்வந்து சொன்னால் பேப்பர் கேட்க மாட்டோம் என்பது அதன் சாரம். அப்போது சொன்னவர்களுக்குக் கிடைத்த சான்றிதழ்கள்தான் இன்றைக்குச் சந்தையில் சுற்றுகின்றன. அவை அந்த நபரிடம் அப்போது இருந்த அந்த உயிருக்கு மட்டுமே. நேற்றுப் பொரித்த குட்டிக்குச் செல்லாது.

அதற்குப் பிறகு சட்டமே மாறிவிட்டது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கென்றே அட்டவணை 4 வந்துவிட்டது. பால் பைத்தான் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆக, 'சட்டத்திலேயே வராது' என்பது முழுப் பொய். 2024 பிப்ரவரியில் பதிவு விதிகளும் வந்தன. அப்போது கையில் வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம். அதன் பிறகு வாங்குபவர், கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் தளத்தில் தன் பெயரில் பதிய வேண்டும். கை மாற்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும், குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் வழியாகத்தான் இதெல்லாம் நடக்கும். பாம்பு யாரிடமிருந்து, எப்படி வந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. அந்த விண்ணப்பத்தை நான் எப்படிப் போடுவேன்?

விற்றவனுக்கு போன் செய்தேன். முதலில் சமாதானம் பேசினான். "ப்ரோ, பழசைத் திருப்பிக் கொடுங்க, பத்தாயிரம் மட்டும் சேர்த்துப் போடுங்க, அல்பினோ பர்மீஸ் தர்றேன். அதுக்குப் பேப்பரே வேணாம்" என்றான்.

தயவுசெய்து இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். பர்மீஸ் மலைப்பாம்பு என்ற பெயரைக் கேட்டு வெளிநாட்டுப் பாம்பு என்று நினைப்போம். நம் வடகிழக்கு மாநிலங்களில் அது இயற்கையாகவே வாழ்கிறது. மஞ்சள் நிறத்தில் பண்ணையில் பிறந்ததாக இருந்தாலும் இனம் அதேதான். நம் ஊர்க் காட்டு மலைப்பாம்பைப் போலவே அதுவும் அதே சட்டத்தின் அட்டவணை 1-ல், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியலில் இருக்கிறது. அந்த அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 3 முதல் 7 வருடம் வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். காட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கத் தனி ஆளுக்கு லைசன்ஸ் என்று இங்கே ஒன்று கிடையவே கிடையாது. 'பழகிய ரேஞ்சர் மூலமா வாங்கித் தர்றேன்' என்று ஒருவன் சொன்னால் அவன் உங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறான்.

யூடியூப் பார்த்துக் குழம்புகிறவர்களும் நிறையப் பேர். ஆஸ்திரேலியாவில் ஒருவர் கார்ப்பெட் பைத்தானைத் தோளில் போட்டுக்கொண்டு 'லைசன்ஸ் எடுத்தால் போதும்' என்கிறார். அங்கே நிலைமை அப்படியே தலைகீழ். அவர்கள் நாட்டு மலைப்பாம்பை மாநில அரசின் லைசன்ஸ் எடுத்து வளர்க்கலாம், பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அந்த வீடியோவை வைத்து இங்கே முடிவு எடுக்காதீர்கள்.

இந்தக் குட்டிகள் வருகிற வழியும் நமக்குத் தெரியாததில்லை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் பயணியின் பெட்டியில் 22 பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்தார்கள். அதே வருடம் ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியிடம் 47 மலைப்பாம்புகள். சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து, துணிமணிக்கு நடுவே. என் குட்டி அப்படி வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் முறையாக இறக்குமதியாகியிருந்தால் இறக்குமதி உரிமம், சைட்டிஸ் அனுமதி, தனிமைப்படுத்தல் சான்று என்று ஏதாவது ஒரு காகிதம் இருந்திருக்கும். அதில் எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் வரவில்லை. மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான்.

வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு, 30 நாள் முடிவதற்குள் நானே வனச்சரக அலுவலகத்துக்குப் போனேன். வாங்கிய விதம், கட்டிய பணம், அந்தச் சான்றிதழ், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் குட்டியையும் ஒப்படைத்தேன். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டை அதன் டப்பா மேலேயே ஒட்டி வைத்தேன், ஊசி நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று. வாங்கிக்கொண்ட வனக் காவலர் அண்ணன் இரண்டு வாரம் கழித்து போனில், "சத்தம் நின்னுருச்சு, ஒரு எலியும் தின்னுருச்சு" என்றார். இத்தனை நாளில் நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான். வழக்கு என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. பணத்துக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

யாராவது இப்போது பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்பு விற்பவரின் பெயரிலேயே உள்ள பதிவைக் கேளுங்கள். அதில் இனம், பாலினம், வயது, தேதி எல்லாம் அந்தப் பாம்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கை மாற்றத்தைத் தளத்தில் தெரிவித்துத் தருவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் ப்ரோ' என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உங்களிடம் இருக்கும் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தேதி 2021, பாம்பு உங்கள் முழங்கை நீளம்தான் என்றால் அது என்னிடம் வந்த அதே நகலாக இருக்கலாம். மறைத்து வைக்காதீர்கள், காட்டில் கொண்டுபோயும் விடாதீர்கள். ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு வனத்துறைக்கு எழுத்து மூலம் சொல்லுங்கள். சாட் எதையும் அழித்துவிடாதீர்கள். நான் கொடுத்த புகாரோடு உங்கள் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்தால் அவனைப் பிடிக்க வழி கிடைக்கும்.