ஐம்பத்தைந்துக்குப் பிறகு மீண்டும் பைக்: கிளாசிக்கா, மீட்டியரா, 125ஆ, ஸ்கூட்டரா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் பணி ஓய்வை நெருங்கும் ஆண்களில் கணிசமானோர் மீண்டும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். இளமையில் ராஜ்தூத்தோ எஸ்டியோ பழைய புல்லட்டோ ஓட்டிவிட்டு, பிள்ளைகள் பிறந்ததும் காருக்கு மாறி, கிளட்ச் பிடித்தே பல ஆண்டுகள் ஆனவர்கள் இவர்கள். ஷோரூமுக்குள் நுழைந்ததும் எஞ்சின் எத்தனை சிசி என்று கேட்பார்கள், அடுத்து மைலேஜ் கேட்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் கடைசியில் கேட்டால் போதும். இந்த வயதில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சிரமம் குறைவு. அதை நிறுத்தி, திருப்பி, பின்னால் இழுத்து, ஸ்டாண்டு போடும் நேரத்தில்தான் முழங்காலும் இடுப்பும் சோதிக்கப்படுகின்றன. ஆகவே இந்த ஒப்பீட்டில் எடையையும் இருக்கை உயரத்தையும் முதலில் வைத்து, மற்றவற்றைப் பிறகு பார்க்கிறேன்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் எடை 195 கிலோ, இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். அதே 349 சிசி எஞ்சின் பொருத்தப்பட்ட மீட்டியர் 350 எடையில் நான்கு கிலோதான் குறைவு என்றாலும் இருக்கை 765 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஹோண்டா ஷைன் 125 ஏறத்தாழ 113 கிலோ, இருக்கை 791 மில்லிமீட்டர். ஆக்டிவா, ஜூபிடர் போன்ற ஸ்கூட்டர்கள் 105 முதல் 110 கிலோவுக்குள் அடங்கும், இருக்கை 765 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். கிளாசிக்கைக் கையால் தள்ளுவது இரண்டரை நெல் மூட்டையைச் சக்கரத்தின் மேல் வைத்துத் தள்ளுவதற்குச் சமம். ஷைனில் அது ஒன்றரை மூட்டை. அந்த ஒரு மூட்டை வித்தியாசம் ஷோரூமின் வழுவழுப்பான தரையில் தெரியாது.

அது தெரியும் இடம் கடலூர் மஞ்சக்குப்பம் கடைவீதி. சாலையோரம் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், வண்டியை முகப்பு சரிவை நோக்கியபடி நிறுத்திவிட்டுக் கடைக்குள் போவோம். திரும்பி வருவதற்குள் இரண்டு பக்கமும் வேறு வண்டிகள் ஒட்டி நின்றுவிடும். கிளாசிக்கை அங்கிருந்து வெளியே எடுக்க, அதன் மேல் உட்கார்ந்து கால்களால் உந்திப் பின்னேற்ற முடியாது. இறங்கி இடப்பக்கம் நின்று, ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, இடுப்பை டேங்கில் அண்டக் கொடுத்து மேட்டில் இழுக்க வேண்டும். மணல் படிந்த தரையில் செருப்பு வழுக்கினால், எதிர்ப்பக்கம் சாயும் 195 கிலோவை அறுபது வயதுக் கையால் தடுத்து நிறுத்த இயலாது. ஷைனை அதே இடத்திலிருந்து ஒரு மூச்சில் இழுத்துவிடலாம். ஸ்கூட்டரை ஒரு கையில் பையை வைத்துக்கொண்டேகூட எடுத்துவிடலாம்.

கிளாசிக்கை விரும்புவோருக்கு நியாயமான காரணங்கள் உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் எடையே அதை நிதானமாக ஓடவைக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை போகும்போது எதிரே வரும் பேருந்தின் காற்று அடித்தாலும் வண்டி அலைவதில்லை. ஆனால் பழைய புல்லட் ஓட்டியவர்கள்தான் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பேன். அந்த நாளைய புல்லட்டில் கியர் வலக்காலில், பின் பிரேக் இடக்காலில் இருந்தது. முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய வண்டியில் கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில், முதல் கியர் கீழே, மற்றவை மேலே. சாதாரணமாக ஓட்டும்போது ஒரு வாரத்தில் இது பழகிவிட்டதுபோல் தோன்றும். திடீரென்று நாயோ ஆடோ குறுக்கே வரும் நொடியில் கால் பழைய பழக்கத்துக்கே திரும்பி, இடக்கால் பிரேக்கைத் தேடிக் கியர் லீவரை மிதிக்கும். எஸ்டி, ராஜ்தூத் ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மீட்டியர், குள்ளமானவர்களுக்கும் முழங்கால் முழுதாக மடங்காதவர்களுக்கும் ஏற்றது என்று சொல்லப்படுகிறது. பாதி உண்மை. இருக்கை தாழ்வாக இருப்பதால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும், சிக்னலில் நிற்கும்போது அந்த நம்பிக்கைக்கு ஈடில்லை. ஃபுட்ரெஸ்ட் முன்தள்ளி இருப்பதால் முழங்காலும் அதிகம் மடங்குவதில்லை. ஆனால் அதே காரணத்தால், வேகத்தடையிலும் பள்ளத்திலும் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று அதிர்ச்சியைத் தொடைகளில் வாங்க முடியாது. அடி முழுவதும் நேராக முதுகெலும்பின் அடிப்பகுதிக்குப் போகும். நம் கிராமச் சாலைகளில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை, அவற்றில் பாதிக்கு வெள்ளைக் கோடும் கிடையாது. ஆகவே முழங்கால் வலிக்காரருக்கு மீட்டியர், இடுப்பு வலிக்காரருக்குக் கூடாது என்று பிரிப்பதே சரி. இரண்டும் வலிப்பவர் 350களின் பக்கமே போக வேண்டாம்.

ஷைன் போன்ற 125 வண்டிகளை, ஆசையோடு திரும்பி வருபவர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அலுவலகம் போன வண்டி, பால் வாங்கப் போன வண்டி, அதையே ஓய்வுக்குப் பிறகும் வாங்குவானேன் என்பது அவர்கள் வாதம். என் தீர்ப்பு இதற்கே சாதகம். சராசரி உயரமுள்ளவருக்குக் கால் எட்டும், கிளட்ச் இரண்டு விரலுக்கு அடங்கும், நிமிர்ந்த உட்காரும் முறையில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் சுமை பகிர்ந்து போகிறது. புதுச்சேரியிலிருந்து தவளக்குப்பம், கன்னியக்கோயில், முள்ளோடை வழியாகக் கடலூர் வர இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தத் தொலைவுக்கு இந்தச் சக்தி தாராளம். குறை தெரியும் இடம் ஒன்று உண்டு. நெல்லிக்குப்பம் சாலையில் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போகும்போது, ஒன்றை முந்துவதற்கு 350இல் ஆகும் தூரத்தைவிட அதிகத் தூரம் 125இல் ஆகும். அவசரமில்லாத வயதில், முந்தாமல் பின்னாலேயே போவது பெரிய இழப்பு அல்ல. இருட்டிய பிறகு அந்த டிரெய்லர்களுக்குப் பின்விளக்கு இருக்கும் என்று மட்டும் நம்பக் கூடாது.

ஸ்கூட்டர் நகரத்துக்குள் எல்லாவற்றையும் வெல்லும். புதுச்சேரி நேரு வீதி நெரிசலில் கியர் மாற்றும் வேலை இல்லை, வாங்கிய காய்கறியைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டிய அவசியமும் இல்லை. இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். ஆனால் ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம், ஷைனின் சக்கரம் 18 அங்குலம். ஒரே பள்ளத்தில் சிறிய சக்கரம் விழுகிறது, பெரிய சக்கரம் தாண்டுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடற்காற்று மணலைக் கொண்டுவந்து ஓரத்தில் குவிக்கும் இடங்களில் இந்த வேறுபாடு கைகளில் நேரடியாக உணரப்படும். மின்சார ஸ்கூட்டர்களுக்கும் இதே கணக்குத்தான். அவை ஓசையில்லாமல் போவதால் முன்னால் நடப்பவர்கள் நாம் வருவதை அறியமாட்டார்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். டிவிஎஸ் எக்ஸ்எல் 100ஐ இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்து மீன் கூடைகளைச் சுமக்கும் அந்த வண்டி இருப்பதிலேயே எடை குறைந்தது, ஆனால் ஆசைக்காக பைக் தேடுபவரிடம் அதைச் சொன்னால் பேச்சே நின்றுவிடும்.

பிரேக் விஷயத்தில் 350கள் முன்னால் நிற்கின்றன. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் முழுமையாகக் கட்டாயமானது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, ஒன்றை அழுத்தினால் முன்பின் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்றது சட்டம். மணலிலும் ஈரத்திலும் ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ள விடாது. இருந்தாலும் முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடும் என்று நம்பிப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்து வளர்ந்த தலைமுறைக்கு, மிதித்தாலே முன்னாலும் பிடிக்கும் சிபிஎஸ் ஒருவகையில் பொருத்தமான ஏற்பாடுதான்.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 349 சிசி கிளாசிக்கும் 125உம் ஒரே வரி விகிதத்தில் வருவதால், வரியைக் காரணம் காட்டி எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரிப் பதிவில் வண்டி வாங்க நினைப்பவர்கள், வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. அதில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் குறிக்கப்பட்டிருக்கிறதா, கார் மட்டும்தானா என்பது பலருக்கு நினைவிருக்காது. கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டும் இருந்தால் நான்கில் மூன்று வண்டிகளை ஓட்ட முடியாது. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். 55 வயதுக்கு மேல் புதுப்பிக்கும் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அதற்கு மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழுக்காகப் போகும்போது கண்புரையையும் கழுத்து திரும்பும் அளவையும் உண்மையாகவே பார்த்துக்கொள்வது உத்தமம். புரை தொடங்கிய கண்ணுக்கு எதிர்விளக்கு கூசும், கழுத்து திரும்பாதவருக்குக் கண்ணாடியில் விழாத பேருந்து தெரியாது.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்கப் பல ஊர்களில் இல்லாத வசதி புதுச்சேரியில் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்காகக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகளோடு வாடகை வண்டிகள் நகரெங்கும் நிற்கின்றன, என்ஃபீல்டும் ஸ்கூட்டரும் அங்கே கிடைக்கும். வார நாளில் காலையில் ஒன்றை எடுத்து வில்லியனூர் வரை போய்வரலாம். ஓட்டிப் பார்ப்பதைவிட, பெட்ரோல் பங்கில் இறங்கி நான்கடி பின்னால் தள்ளிப் பார்ப்பதும், சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுப்பதும், குறுகிய தெருவில் யாருடைய உதவியும் இல்லாமல் திருப்புவதும் முக்கியம். மறுநாள் காலையில் எந்த மூட்டு வலிக்கிறது என்பதையும் கவனித்துவிட்டு ஷோரூமுக்குப் போகலாம். அதன் பிறகும் கிளாசிக்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், பழைய 125 ஒன்றை ஓராண்டு ஓட்டிக் கால் பழக்கத்தை மாற்றிக்கொண்டு கிளாசிக்கை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.