நடாலிடம் எதைக் கேட்பது?
ஓய்வுபெற்றுவிட்ட டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலைப் பேட்டி காண இரண்டு கேள்விகள் கைவசம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்று, ‘மறக்க முடியாத வெற்றி எது?’ பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்றவர். எத்தனையோ முறை சொன்ன பதிலையே மீண்டும் ஒப்பிப்பார். பாவம், அவருக்கே அலுத்திருக்கும்.

மற்றது, ‘2024 நவம்பரில், மலாகா டேவிஸ் கோப்பையில் 4-6, 4-6 என்று தோற்றீர்களே, அந்தக் கடைசி ஒற்றையர் ஆட்டம் கைநழுவுகிறது என்று எப்போது தெரிந்தது?’ இடமும் ஸ்கோரும் கேள்வியிலேயே இருப்பதால் நினைவு நேராக அந்த ஆடுகளத்துக்குப் போகும். கேட்பவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பதும் விளங்கும். எடுத்த எடுப்பில் கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். சற்று நேரம் பேசிப் பழகிய பிறகு கேட்கலாம். அதுவரை ஒப்பேற்ற முதல் கேள்வி போதும்.