ஒரே நாளில் நடந்து பார்க்கும் லிஸ்பன்: மட்டக்களப்புக் கால்களுக்கு ஒரு மதிப்பீடு

சுவிசிலோ பிரான்சிலோ இருக்கும் உறவுகளிடம் போகிறவர்கள் அதே செங்கன் விசாவோடு லிஸ்பனுக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் தலைநகரம் அது. நம்மூர்ப் பறங்கியர் குடும்பங்களின் வேரும் அந்தப் பக்கம்தான். பார்க்கத் தகுந்த நகரம் என்பதில் சந்தேகமே இல்லை. எந்த ஒழுங்கில் பார்க்கிறோம் என்பதில்தான் அந்த நாள் தங்கியிருக்கிறது.

வரைபடத்தில் எல்லாம் கிட்டக் கிட்டத் தெரியும். றோசியோ சதுக்கத்திலிருந்து சாவோ ஜோர்ஜ் கோட்டைக்குச் சுமார் ஒரு கிலோமீற்றர்தான். அதற்குள் ஏறக்குறைய நூறு மீற்றர் உயரம் ஏற வேண்டும். மட்டக்களப்பில் நாம் ஏறுகிற ஏற்றம் கல்லடிப் பாலத்தோடு முடிந்துவிடும். பத்துக் கிலோமீற்றர் சாதாரணமாக நடப்பவருக்கும் அங்கே படியும் சரிவும் மாறி மாறி வர, மதியத்துக்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். ஆகவே ஏறுவதை வண்டியில் ஏறுங்கள், இறங்குவதை நடந்து இறங்குங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

முதலில் காலணி. நடைபாதை முழுவதும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல்லும் கருங்கல்லும் பதித்தது. பார்க்க அழகு. காலங்காலமாக நடந்து தேய்ந்து மினுமினுப்பாகிவிட்டதால், ஒரு தூறல் போட்டாலே வழுக்கும். அடிப்பாகம் மழமழப்பான தோல் சப்பாத்து வேண்டவே வேண்டாம். றப்பர் செருப்பும் சரிவராது, இறக்கத்தில் கால் முன்னுக்குச் சறுக்கிப் பெருவிரல் நோகும். வெட்டு ஆழமான றப்பர் அடியும், குதிக்காலை இறுகப் பிடிக்கும் கயிறும் உள்ள சப்பாத்துத்தான் சரி. புதிதாக வாங்கியதென்றால் ஊரிலேயே இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்கிவிட்டுப் போங்கள்.

அடுத்தது பயண அட்டை. மெட்ரோ நிலைய இயந்திரத்தில் 50 சதத்துக்கு நவெகாண்ட் அட்டை கிடைக்கும். ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையை இருவர் தட்டிப் போக முடியாது. அதில் 24 மணி நேரச் சீட்டை ஏற்றினால், சுமார் 7 யூரோவுக்கு பஸ், ட்ராம், மெட்ரோ எல்லாம் அடங்கும். நேரம் எண்ணப்படுவது வாங்கிய கணத்திலிருந்து அல்ல, முதல் முறை தட்டியதிலிருந்து. பலர் இடறுகிற இடம் ஒன்று உண்டு: அட்டையில் ஏற்கெனவே சில்லறைத் தொகை ஏற்றியிருந்தால், அது தீரும்வரை நாள் சீட்டு ஏறாது. அப்போது இன்னொரு 50 சதம் கொடுத்துப் புதிய அட்டை எடுப்பதே சுகம்.

காலையில் பிகெய்ரா சதுக்கத்தில் 737ஆம் இலக்க பஸ்ஸைப் பிடியுங்கள். சின்ன பஸ், ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள்ளால் வளைந்து ஏறிக் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற 28ஆம் இலக்க மஞ்சள் ட்ராமை இந்தக் காரியத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். 1930களில் செய்த அழகான மரப்பெட்டி வண்டிதான். ஆனால் மார்ட்டிம் மொனிஸ் தரிப்பிடத்தில் வரிசை நீளம், உள்ளே நின்றால் யன்னலால் ஒன்றும் தெரியாது, நெரிசலில் பொக்கற்றில் கைவிடுகிறவர்களுக்கு அது பேர்போன இடம். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் விடிய எட்டு மணிக்கு முன் ஏறுங்கள்.

கோட்டை ஒன்பது மணிக்குத் திறக்கும். நுழைவுச் சீட்டு 15 யூரோவுக்குக் குறையாது. அதை முதல் நாளே இணையத்தில் எடுத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். உள்ளே அரண்மனை, அலங்காரம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மதில், காவற்கோபுரங்கள், மரநிழல், மயில்கள், அதோடு நகரம் முழுவதும் ஆறுவரை விரிந்து கிடக்கும் காட்சி. காசு அந்தக் காட்சிக்குத்தான், அதற்குத் தகும். மதிலின் மேல் நடைபாதை ஒடுக்கம், சில இடங்களில் கைபிடி தாழ்வு. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஒன்றரை மணித்தியாலம் போதும்.

அங்கிருந்து இறங்கத் தொடங்கலாம். ஐந்து நிமிடத்தில் போர்ட்டாஸ் டோ சோல், பக்கத்திலேயே சான்டா லுசியா காட்சித் திடல். சான்டா லுசியா கோயிலின் வெளிச்சுவரில் நீல ஓடு பதித்த இரண்டு படங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று 1147இல் கோட்டையைப் பிடித்த சண்டை. மற்றது ஆற்றங்கரைச் சதுக்கம் (பிராசா டோ கொமேர்சியோ) 1755 பூமியதிர்ச்சிக்கு முன் இருந்த கோலம். இரண்டாவதை மனதில் வைத்துக்கொண்டு போனால், கீழே அதே சதுக்கத்தில் நிற்கும்போது எவ்வளவு அழிந்தது என்பது விளங்கும்.

இதற்குக் கீழே அல்பாமா. பூமியதிர்ச்சிக்குத் தப்பிய பழைய குடியிருப்பு, படிப்படியாக இறங்கும் சந்துகள். வழி தவறினால் பயப்பட ஒன்றுமில்லை, இறங்கிக்கொண்டே இருந்தால் ஆறு வரும். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் மட்டும் சந்துப் படிகளை விட்டுவிட்டு ட்ராம் தண்டவாளம் போகும் தெருவாலேயே சே பேராலயத்துக்கு இறங்கலாம். தூரமும் கூடிவிடாது.

பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, பலர் கவனியாமல் கடந்துபோகும் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. நாம் பதுவை அந்தோனியார் என்று கும்பிடுகிறவர் உண்மையில் லிஸ்பன்காரர். அவர் பிறந்த இடம் என்று போற்றப்படும் இடத்திலேயே அந்தக் கோயில் எழுந்திருக்கிறது. 1755இல் மேல்கட்டடம் விழுந்து, நிலவறை மட்டும் தப்பியது. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தும் நம்மூர் ஆட்களுக்கு, இந்த நகரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்கலாம் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். நுழைவு இலவசம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு போங்கள். யூன் 13 திருநாள், 12 இரவு அல்பாமா முழுக்க மத்தி மீன் சுடும் புகையும் சனமும். கொண்டாட்டத்துக்கு வாருங்கள், ஊர் பார்க்க அந்த நாளைத் தெரிவு செய்யாதீர்கள்.

சாப்பாடு. மேசையில் அமர்ந்ததும் கேட்காமலே பாண், ஒலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாமென்றால் எடுக்கச் சொல்லுங்கள், மனம் கோணமாட்டார்கள். இறால், நண்டு, மட்டி போட்டுக் குழைவாக வரும் கடலுணவுச் சோறு நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ஹலால் பார்க்கிறவர்கள் மார்ட்டிம் மொனிஸ் பக்கம் பென்போர்மோசோ தெருவுக்குப் போனால் பங்களாதேஷ்காரரின் கடைகள் வரிசையாக உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். கழிப்பறைக்கும் ஒரு சின்னப் போத்தல் தனியாக வைத்திருங்கள்.

பிற்பகல் ஆற்றங்கரைச் சதுக்கத்திலிருந்து தொடங்கலாம். மூன்று பக்கம் கட்டடம், நான்காவது பக்கம் டேகஸ் ஆற்றுக்குத் திறந்திருக்கும். இங்கேதான் அரச மாளிகையும் இந்திய வணிக மாளிகையும் இருந்தன. இலங்கைக் கறுவா வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள் காலை, கோயில்கள் நிரம்பியிருந்த நேரம் நிலம் அதிர்ந்தது. தப்பியவர்கள் இடிபாட்டிலிருந்து விலகி வெளியான இடம் என்று ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கடல் ஆற்றுக்குள் ஏறி வந்தது. மிச்சத்தை நெருப்பு தின்றது. 2004 மார்கழியில் கல்லடியும் நாவலடியும் பட்டதை அறிந்தவர்களுக்கு இந்தச் சதுக்கத்தில் வேறு விளக்கம் தேவையில்லை. அவசரப்படாமல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள்.

சதுக்கத்துக்குப் பின்னால் நேர்கோட்டுத் தெருக்களாக எழும்பிய பைஷா, அழிவுக்குப் பின் அன்றைய அமைச்சர் பொம்பால் திட்டமிட்டுக் கட்டியது. சுவருக்குள் மரச்சட்டக் கூடு வைத்து, அதிர்வுக்கு வளைந்து கொடுக்கும்படி கட்டினார்கள். அங்கிருந்து மேலே ஷியாடுவுக்கு ஏற 1902இல் கட்டிய சான்டா ஜுஸ்டா இரும்பு லிப்ட் முன், அது ஓடுகிற நாட்களில் நீண்ட வரிசை நிற்கும். அதற்காகக் காத்திருப்பது வீண். பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் புகுந்து, சீட்டுத் தட்டும் வாயிலைக் கடக்காமலே, நகரும் படிகளில் அடுக்கடுக்காக மேலே போய் ஷியாடுவில் வெளிவரலாம். ஒரு சதமும் இல்லை. 2025 செப்டெம்பர் 3இல், மலைச்சரிவில் கம்பியால் இழுபட்டு ஏறி இறங்கும் குளோரியா இழுவை வண்டி தடம் புரண்டு 16 பேர் இறந்தபின், மற்ற இழுவை வண்டிகளும் பரிசோதனைக்காக நிறுத்தப்பட்டன. அவற்றை நம்பித் திட்டம் போடுமுன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஷியாடுவிலிருந்து சில நிமிட நடையில் கார்மோ மடம். கூரை விழுந்து, வளைவுகள் மட்டும் வானத்துக்கு நிற்கும் கோயில். கட்டணம் உண்டு, ஞாயிறு பூட்டு. கட்டாயம் பாருங்கள்.

பெலெம் பகுதி 6 கிலோமீற்றர் மேற்கே, 15ஆம் இலக்க ட்ராம். நடக்க வேண்டாம். ஜெரோனிமோஸ் மடம் திங்கள் பூட்டு. ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் மடத்துக்குக் காசு கட்டாமல், தனி வாசலால் கோயிலுக்குள் மட்டும் போய் வாஸ்கோட காமாவின் கல்லறையைப் பார்த்தால் போதும். 1837 முதல் முட்டைப் பால் பேஸ்ட்ரி சுடும் கடையில், தெருவில் நிற்கும் வரிசை எடுத்துப் போகிறவர்களுக்கானது. உள்ளே பின்பக்க அறைகளில் கதிரை விரைவில் கிடைக்கும். சூடாக, கறுவாத் தூள் தூவிச் சாப்பிடுங்கள்.

பொழுது சாய, காட்சித் திடல் தேடி மறுபடி மலையேறாதீர்கள். காய்ஸ் டோ சொட்ரே துறையிலிருந்து கசில்யாசுக்குப் படகு, பத்து நிமிடம்தான். நகரம் முழுவதையும் தண்ணீரிலிருந்து, இருந்தபடியே பார்க்கலாம். சாதாரண 24 மணி நேரச் சீட்டில் இந்தப் படகு அடங்காது. காலையில் இயந்திரத்தில் ஏற்றும்போதே படகும் சேர்ந்த சீட்டைக் கேட்டு எடுங்கள், விலை சில யூரோதான் கூட.