மூன்று கார்புரேட்டர் அவுட்போர்டு: ஐட்லிங் தொல்லையோடு நான்கு வருடம்

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின். டூ ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்). 60 குதிரைத்திறன். நான்கு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் ஃபைபர் படகில் மாட்டினேன். முழு வேகத்தில் ஒரு குறையும் கிடையாது. கரைக்குத் திரும்பி வேகத்தை ஐட்லிங்குக்கு (மிகக் குறைந்த சுற்றுக்கு) குறைத்தால்தான் இருமும், குலுங்கும், அணைந்துவிடும். காற்றடிக்கும் நாளில் கல்லுக்குப் பக்கத்தில் இப்படி அணைந்தால் உயிரே போய்விடும்.

முதல் வருடம் செய்தது முட்டாள்தனம். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவிட்டேன். அணைவது நின்றது, ஆனால் கியர் போடும்போதெல்லாம் 'டடக்' என்று ஒரு இடி. அப்படியே ஓட்டினால் கியர் பற்கள்தான் தேயும்.

அப்புறம்தான் ஒழுங்காகத் தேடினேன். அணையப் போகும் நேரத்தில் பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கியும் மாற்றமில்லை. ஆக, பெட்ரோல் வரத்து சரி. பிளக் வயர்களை எர்த் கொடுத்து ஒவ்வொன்றாகத் துண்டித்தேன். மேலும் கீழும் துண்டித்தபோது இன்ஜின் தடுமாறியது. நடுவில் துண்டித்தபோது ஒன்றுமே ஆகவில்லை. நடு சிலிண்டர் ஐட்லிங்கில் சும்மாதான் சுற்றியிருக்கிறது! தீப்பொறி, கம்ப்ரஷன் இரண்டும் நன்றாகவே இருந்தன.

நடு கார்புரேட்டரைக் கழற்றினால் ஸ்லோ ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு. பெட்ரோல் ஆவியாகி மிஞ்சிய பிசின். அதிக வேகத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டின் துளை பெரிது, அதனால்தான் முழு வேகத்தில் எதுவும் தெரியவில்லை. ஜெட்டில் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

அதற்குப் பிறகும் லேசான தள்ளாட்டம் இருந்தது. நடு கார்புரேட்டரின் பட்டர்பிளை (காற்றைத் திறந்து மூடும் தகடு) மட்டும் முழுக்க மூடவில்லை. யாரோ முன்பு கை வைத்திருக்கிறார்கள். இணைப்புக் கம்பியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மூன்றையும் மூடவிட்டு, மறுபடி இறுக்கினேன். காற்றுக் கலவை ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன் (மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள்). கடைசி டியூனிங் தண்ணீரில், முன் கியரில்தான். கரையில் இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஹோஸ் மாட்டிச் செய்தது கடலில் எனக்கு நிற்கவே இல்லை. பெட்ரோல் குறைந்தால் தும்மும். கூடினால் புகைந்து திணறும்.

இப்போது கியரில் நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கிறது. பெட்ரோலில் எத்தனால் ஈரம் இழுப்பதால், பத்து நாள் ஓட்டவில்லை என்றாலே கார்புரேட்டர்களில் பெட்ரோல் தேங்கும் கிண்ணங்களை வடித்துவிடுகிறேன். நடுக் கிண்ணத்தின் ஸ்க்ரூவுக்கு மட்டும் என் விரல் எட்டாது. மகனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.