11 ஜிபி கல்யாணம், 4.7 ஜிபி டிவிடி

இந்தக் காலத்தில் போய் டிவிடி ரைட் பண்ணுகிறாயா என்று அம்மாபேட்டையில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். எல்லாம் ஏற்காட்டு அத்தைக்காகத்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், அவர் வீட்டில் சிக்னல் பனிமூட்டம் மாதிரி வரும், போகும். பழைய டிவிடி பிளேயர் மட்டும் சளைக்காமல் ஓடுகிறது. மூட்டு வலியால் தங்கை கல்யாணத்துக்கு அவரால் இறங்கி வர முடியவில்லை. அதில் ஆரம்பித்து எட்டு வருஷமாக காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் என்று நாற்பது டிஸ்க்குக்கு மேல் போட்டாகிவிட்டது.

கல்யாண வீடியோ 2 மணி 40 நிமிடம், 11 ஜிபி. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் போட்டு 4 ஜிபி எம்பி4 ஆக்கி டிஸ்க்கில் ஏற்றினேன். லேப்டாப்பில் அருமையாக ஓடியது. மேலே கொண்டுபோனால், "கண்ணு, டிஸ்க்கு சுத்துது, படம் வரலையே" என்றார் அத்தை. அந்தக் காலத்து பிளேயருக்கு எம்பி4 தெரியாது. டிவிடிக்கே உரிய பழைய வீடியோ வடிவமான எம்பெக்-2 ஆக்கி, கடையில் வாங்கும் பட டிவிடி மாதிரி டிவிடி வீடியோவாகவே கட்டித் தர வேண்டும். அதை டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருளில் செய்து, இம்ஜ்பர்ன் என்ற இன்னொன்றில் ரைட் பண்ணினேன். இரண்டும் இலவசம், இன்றுவரை அவைதான்.

ஃபைல் எத்தனை ஜிபி என்பதை நான் இப்போது பார்ப்பதே இல்லை. எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. அட்டையில் 4.7 என்று இருப்பது விண்டோஸில் 4.38 ஆகத்தான் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் விட்டு 4,400 எம்பி என்று வைத்தால், ஒரு பைட்டுக்கு எட்டு பிட் கணக்கில் 35,200 மெகாபிட். 160 நிமிடம் என்பது 9,600 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 3.6 மெகாபிட் சொச்சம், சத்தமும் அதற்குள்தான். டிவிடியில் படத்துக்கு மட்டுமே 9.8 வரை போகலாம் என்றிருக்க, இது அரைப்பட்டினி. மேடையில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு அது போதும். அட்சதை தூவும் இடத்தில் படம் முழுக்க அசைவதால், தங்கை முகமே கட்டம் கட்டமாக உடைந்தது.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் வாங்கிப் பார்த்தேன். விலை கூட, அடுக்கு மாறும் இடத்தில் அத்தையின் பிளேயர் அப்படியே நின்றுவிட்டது. அதோடு விட்டேன். இப்போதெல்லாம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு சாதா டிஸ்க்: முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று. அத்தைக்கும் அதுதான் வசதி, வரவேற்பு டிஸ்க்கை அவர் தொடுவதே இல்லை!

பிறகு ரைட் பண்ணும் வேகம், அதை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஆரம்பத்தில் அவசரப்பட்டு 16எக்ஸில் போட்ட மலிவு டிஸ்க்குகள் எல்லாம் பெண்ணை அனுப்பிவைக்கும் இடத்தில்தான் சிக்கின. டிவிடி உள்ளிருந்து வெளியே பதிவதால் கடைசிக் காட்சி ஓரத்தில் போய் உட்காரும், தகராறும் அங்கேதான். 8எக்ஸில் போட்டு, முடிந்ததும் எல்லாம் சரியாகப் பதிந்ததா என்று பார்க்க வெரிஃபை கொடுக்கிறேன். காகித லேபிள் ஒட்டுவதில்லை, மார்க்கர் பேனாவால் நடுவில் எழுதுவதோடு சரி. மலை ஈரத்தில் உறைக்குள் இருந்த நாலைந்து டிஸ்க் வெள்ளை பூத்துவிட்டன. துடைத்ததில் இரண்டு பிழைத்தன. இப்போது மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் இருக்கின்றன.

மூல ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் தனியாக வைத்துக்கொள்கிறேன். முதல் தடவை அந்தப் புத்தி இல்லை. டிவிடிதான் வந்தாச்சே, இடத்தை அடைக்கிறது என்று அந்த 11 ஜிபியை அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்க்காகப் போடும் வழி தெரிந்தபோது போடுவதற்கு ஒன்றும் இல்லை. அத்தை வீட்டில் தங்கை கல்யாணம் மட்டும் இன்னமும் கட்டம் கட்டமாகத்தான் நடக்கிறது.